மேற்குப் பார்த்த நாற்காலி

"இன்னைக்கு என்ன விசேஷம் ஆவுடை, சொதி வச்சிருக்கே?" என்று அவர் கேட்டபோது ஆவுடையம்மாள் இலையை மடித்துக்கொண்டிருந்தாள். ஒண்ணுமில்ல, தேங்காய் கிடந்தது, வச்சேன் என்றாள். வேலாயுதம் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தப் பதில் அவருக்குப் போதுமாக இருந்தது. இப்போதெல்லாம் எந்தப் பதிலும் அவருக்குப் போதுமாகத்தான் இருக்கிறது. கை கழுவ அழைத்துப்போய், துண்டால் விரல் விரலாகத் துடைத்து, கூடத்துக்குக் கூட்டிவந்து, கைவைத்த மர நாற்காலியில் உட்காரவைத்தாள். நாற்காலி கிழக்குச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. சுவரில் ஒரு நாட்காட்டி, ஒரு ஆணி, அவ்வளவுதான். ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் மேற்கே. டிவி பக்கவாட்டில். இந்தக் கூடத்துக்குள் முதல்தடவையாக வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் ஒரு நொடி தயங்குவார்கள். எதிர்வீட்டு மைமூன் ஒருத்திதான் வாய்விட்டுக் கேட்டாள். "என்னக்கா, அண்ணன் வீட்டுப்பாடம் எழுதலையா? சுவத்தைப் பாத்து உக்கார வச்சிருக்கீங்க." அதற்கு ஆவுடையம்மாள் சிரித்தாள். சிரிக்காமல் என்ன சொல்வது. சொன்னால் நம்புகிற விஷயமா இது. சொதியும் இஞ்சித் துவையலும் செண்பகத்துக்குப் பிடித்தது, இன்றைக்கு அவன் திதி, பெற்ற பிள்ளைக்கு ஒரு இலை போட்டுப் படைக்கவேண்டிய நாளில் படத்தைக்கூட வெளியே எடுக்க முடியாமல் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் இந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்வரை அவருக்கு அவன் சாகவில்லை, அவன் ரயிலில் வந்துகொண்டிருக்கிறான் என்று சொன்னால் மைமூன் என்ன செய்வாள். ஒருவேளை நம்புவாள். அவள் நம்பக்கூடியவள்தான். ஆனால் சொல்லவில்லை. காலையில் பெங்களூரிலிருந்து மகள் உலகு கூப்பிட்டு, "அப்பாகிட்ட எதையும் காட்டிக்காதம்மா, படத்தை வெளிய எடுக்காத, நாற்காலியைத் தொடாத" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கடைசியில், "நீ சாப்பிட்டியா" என்றாள். சாப்பிட்டேன் என்றாள் இவள். சாப்பிடவில்லை.

அடுக்களைக்குள் போய்த் தனக்குச் சோறு போட்டுக்கொண்டு மேடை ஓரமாகவே நின்றாள். சொதி ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. ஊரில் என்றால் இந்தத் தட்டைப் பற்றிக்கூடத் திசை வைத்துத்தான் பேசுவார்கள். தட்டுல வடவோரமா உப்பு வை, கொஞ்சம் தெக்கால தள்ளி உக்காரு, மேக்க கிடக்கிற செம்பை எடு. பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். இங்கே சென்னையில் லெஃப்ட், ரைட். ஆட்டோவில் ஏறி, அந்தக் கோவிலுக்குக் கிழக்கே திரும்புங்க என்று அவள் சொன்னபோது ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "காம்பஸ் வாங்கியாரட்டுமாம்மா?" அவர் அதற்கும் மேலே. பாவூர்சத்திரத்தில் பல் டாக்டர் எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்டதற்கு வடக்குப் பக்கம் மேல்வரிசை என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே அந்தச் சுழல் நாற்காலியைத் திருப்பியதும், இவரும் விடாமல், "இப்பம் அது மேக்கே போயிட்டு" என்றார். செண்பகம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அப்பாவுக்கு ஜுரம் வந்தா தெர்மாமீட்டரைத் தெக்கப் பாத்து வைக்கணும் என்பான். அவன் சிரிக்கும்போது ஒரு கண் மட்டும் சுருங்கும். எந்தக் கண். இடதா, வலதா. அவள் சோற்றைப் பிசைந்தபடி அவன் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தாள். பின்கட்டு வாசலில் நிற்கிறான், வெயில் அவன் முதுகில், சிரிக்கிறான், கிணற்றுப் பக்கத்துக் கண். கிணறு வடக்கே. அப்படியென்றால் கிழக்கிலிருந்து அவளைப் பார்த்து நிற்கிறவனுக்கு அது வலது கண். அப்படிச் சுற்றிக்கொண்டு போய்த்தான் மகனுடைய கண்ணை எடுக்கவேண்டியிருக்கிறது. அந்த வீடு இல்லாவிட்டால் அந்தக் கண்ணும் இருக்காது போலிருக்கிறது. வீட்டை விற்று இரண்டு வருஷமாகிறது. வாங்கியவன் பின்கட்டை இடித்துவிட்டதாக யாரோ சொன்னார்கள்.

அது மேற்குப் பார்த்த வீடு. முன்வாசலில் இரும்புக் கேட்டு, அதற்கப்பால் தார்ரோடு. பின்வாசல் கிழக்கே. திறந்தால் வாய்க்கால், வயல், வயலுக்கு அந்தப் புறம் தண்டவாளம், கொஞ்சம் தள்ளி ஸ்டேஷன். செண்பகம் திருநெல்வேலியில் வேலைபார்த்தான். சனிக்கிழமை சாயங்கால வண்டியில் வருவான். ரோட்டைச் சுற்றாமல் வரப்பில் இறங்கிக் குறுக்கே நடந்து பின்வாசல் வழியாகத்தான் வருவான். அவர் அன்றைக்கு மட்டும் இதே நாற்காலியைத் தூக்கிப் பின்கட்டில் கிழக்கே பார்த்துப் போட்டுக்கொள்வார். வண்டி ஊதியதும், "ஆவுடை, வண்டி வந்துட்டு, தோசைக்கல்லைப் போடு" என்பார். பிறகு வயல் நடுவில் ஒரு வெள்ளைச் சட்டை தெரியும். மற்ற நாளெல்லாம் நாற்காலி முன்பக்கம், கேட்டைப் பார்த்து. அந்த ஒரு சனிக்கிழமை அவன் வண்டியைத் தவறவிட்டான். சிநேகிதனுடைய பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டு ரோட்டு வழியாகக் கிளம்பினான். இவர் பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். வண்டி வந்து போனது. வயலில் யாரும் இறங்கவில்லை. இருட்டும்வரை பார்த்துவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய்ப் போட்டார். மேற்கே பார்த்து. கேட்டைத் திறந்துகொண்டு முதலில் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு வேன் வந்தது. ரயிலில் வந்திருந்தால் கிழக்கே வந்திருப்பான். இந்த வாக்கியத்தை அவள் எத்தனை முறை நினைத்திருக்கிறாள். அர்த்தம் தேய்ந்துபோய் வெறும் சத்தமாகிவிட்டது. கிழக்கே வந்திருப்பான். கிழக்கே வந்திருப்பான். அவள் அப்போது அடுக்களையில் இருந்தாள். அடுப்பு கிழக்கே பார்த்தது, எல்லார் வீட்டிலும் போல. கேட்டுச் சத்தம், காலடிச் சத்தம், பிறகு அவர் குரல், அது அவர் குரல் மாதிரியே இல்லை, எல்லாம் அவள் முதுகில்தான் வந்து விழுந்தது. அவள் திரும்பவில்லை. முதலில் அடுப்பை அணைத்தாள். கல்லில் கிடந்த தோசையை எடுத்துத் தட்டில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் திரும்பினாள். அந்தத் தோசை எடுக்கிற நேரம் என்ன நேரம் என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. தெரிந்துகொண்டே எடுத்தாளா. எடுத்து முடிக்கும்வரை தெரியக்கூடாது என்று எடுத்தாளா. திரும்பியபோது கூடம் முழுக்க ஆட்கள். கேட்டு மறைந்துவிட்டது. அவர் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். இங்கே மேடை வடக்கே பார்த்து இருக்கிறது. ஆனால் அவள் உடம்புக்கு அது கிழக்கு. குடிவந்தது ரயிலில், ராத்திரி தூங்கிக்கொண்டே வந்தாயிற்று. எந்த வளைவில் எப்படித் திரும்பியதோ, காலையில் எழுந்து இந்த நாலாவது மாடிக்கு வந்து நின்றபோது திசை மொத்தமும் ஒரு கால்வட்டம் சுழன்றிருந்தது. சூரியன் ஜன்னலில் இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறாள், அது மேற்கென்று அறிவு சொல்கிறது, உடம்பு ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறது. வடக்கே சூரியன் மறைகிற ஊராக இருந்தது இது. ராத்திரி எழுந்து குளியலறைக்குப் போகிறவள் சுவரில் தோளை இடித்துக்கொண்டு நிற்பாள். அவருக்கு அப்படி இல்லை. அவர் பல் துலக்கியதை மறந்தார், உலகுவின் பெயரை மறந்தார், பெட்டியில் எதை வைத்துப் பூட்டினோம் என்பதை மறந்தார். திசையை மறக்கவில்லை. எல்லாம் நினைவிருக்கிறவளுக்குத் திசை தப்பிவிட்டது, எல்லாம் தப்பிப்போனவருக்குத் திசை மட்டும் நிலைத்திருந்தது. முதலில் காற்று வரட்டும் என்று நாற்காலியை ஜன்னலைப் பார்த்துத்தான் போட்டிருந்தாள். அவர் அழுதார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முகம் மாறும், உதடு கோணும், "நம்ம செண்பகம் போயிட்டானே ஆவுடை" என்பார், அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு யாரோ வந்து சொன்னமாதிரி. அவள் ஓடிவந்து பக்கத்தில் உட்காருவாள். அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். இருவரும் அழுவார்கள். சில சமயம் ஒரு வார்த்தையும் இல்லாமல் விளக்கு வைக்கும்வரை. தினமும். புது இடம் ஒத்துக்கொள்ளவில்லை, மனுஷனைக் கொன்றுவிடும் போலிருக்கிறது என்று அவள் பயந்தாள். பிறகு ஒருநாள் கூடம் பெருக்குவதற்காக அவரை எழுப்பி, நாற்காலியை அப்படியே புரட்டிப்போட்டு உட்காரவைத்தாள். கிழக்கே. துடைப்பத்தோடு குனிந்திருந்தவளிடம் அவர் சாதாரணமாகக் கேட்டார். "இன்னைக்கு வண்டி லேட்டோ?"

அவள் நிமிரவே இல்லை. துடைப்பம் கையிலிருந்தபடி அப்படியே குனிந்திருந்தாள். எந்த வண்டி என்று கேட்டாள். "செண்பகம் வாற வண்டிதான். வேற எந்த வண்டி?" என்றார். குரலில் எரிச்சல்கூட இருந்தது, பழைய ஆரோக்கியமான எரிச்சல். தற்செயல் என்று நினைத்தாள். மறுநாள் மேற்கே போட்டாள், அழுதார். கிழக்கே போட்டாள், வண்டியைக் கேட்டார். தன் திசைக்கணக்கில் நம்பிக்கை இல்லாமல் எதிர்வீட்டுக்குப் போய் மைமூனிடம், நீங்க தொழுகையில எந்தப் பக்கம் நிப்பீங்க என்று கேட்டாள். மைமூன் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, படுக்கையறைக்குள் கூட்டிப்போய்ச் சுருட்டிவைத்திருந்த பாயை விரித்துக் காட்டினாள். "நமக்கு மேக்காலதானேக்கா. குடிவந்த அன்னைக்கே பாத்து வச்சிட்டோம். ஏன், வாஸ்து பாக்கறீங்களா?" பாய் காட்டிய பக்கமும் தன் வீட்டு ஜன்னலும் ஒரே திசை. அவளுடைய உடம்பு சொன்ன திசையை அன்றோடு அவள் நம்புவதை விட்டாள். டாக்டரிடம் சொன்னபோது அந்தச் சின்னப் பெண் பேனாவை மூடிவைத்துவிட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அப்படியும் இருக்கலாம்மா, வழியை ஞாபகம் வைக்கிற இடமும் நடந்ததை ஞாபகம் வைக்கிற இடமும் மூளையில பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி, எந்தக் கதவு எதுக்குள்ள திறக்கும்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது என்றாள். கதவு என்று அவள் சொன்னது இவளுக்குச் சரியாகப் பட்டது. முன்கதவு, பின்கதவு. அன்றிலிருந்து நாற்காலி கிழக்கே. தீபாவளிக்கு வந்த உலகு, "எதுக்கும்மா சுவத்தைப் பாத்து, பாக்கவே கஷ்டமா இருக்கு" என்று தானே நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். ராத்திரி வரை அவர் சாப்பிடவில்லை. மகளையே பார்த்து, "தம்பியை உள்ள கொண்டுவாங்க, வெளியே போட்டிருக்கானுவளே" என்று கெஞ்சினார். உலகு நாற்காலியைத் திருப்பிப்போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டாள். அதிலிருந்து அவள்தான் கண்டிப்பு. யாரும் நாற்காலியைத் தொடக்கூடாது.

சரிதான். யாரும் அதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஒரு மனுஷன் மகன் செத்த சேதியை வாழ்க்கையில் ஒருமுறை கேட்டால் போதும். தினமும் கேட்கவைப்பது பாவம். அவள் கூடத்துக்கு வந்து, அவருக்குப் பின்னால், ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்தாள். மூன்று மணி வெயில் உள்ளே வர ஆரம்பித்திருந்தது. அவருடைய பிடரி தெரிந்தது, முடி வெட்டவேண்டும். அமைதியாக இருந்தார். கிழக்கே பார்க்கிறவரின் பிடரி இப்படித்தான் இருக்கும், வயலைப் பார்க்கிறவருடைய பிடரி. அவர் நிம்மதியாக இருக்கிறார், நானல்லவா அதைக் கொடுத்தேன் என்று நினைத்தாள். உடனே இன்னொன்று வந்தது. எனக்கு யார் கொடுப்பது. இந்த வீட்டில் செண்பகம் செத்துப்போனது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அவர் கேட்பார், நான் லேட்டு என்பேன். அவர் கேட்பார், நான் வந்துரும் என்பேன். அந்தச் சொல் ஒவ்வொன்றும் வாயிலிருந்து போகும்போது பையனை இன்னும் கொஞ்சம் தனியாக நானே கொண்டுபோய்ப் புதைக்கிறமாதிரி இருக்கிறது. உலகுவிடம் சொல்லலாம், சொன்னால் அவள் அழுவாள், அவளுக்கு ஆபீஸ், பிள்ளைகள். அவன் எந்தக் கண்ணைச் சுருக்கிச் சிரிப்பான் என்று சேர்ந்து யோசிக்க ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான். அந்த ஆள் இதோ முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். கால்வட்டம் இரண்டு திருப்பினால் போதும். மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பிடி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், கட்டைவிரல் நரம்பில் அழுந்தும், விட்டபிறகு சிவந்திருக்கும். திதி நாளில் கொஞ்ச நேரம். அழுதுவிட்டுத் திருப்பிவிடலாம். திருப்பினால் மறந்துவிடுவாரே, அதிலென்ன. இல்லை, தீபாவளிக்கு மறக்கவில்லையே, கிழக்கே திருப்பிய பிறகும் ராத்திரி முழுக்க விம்மினாரே. என் துக்கத்துக்குத் துணைக்காக ஒருத்தருக்குப் பிள்ளையைச் சாகக்கொடுப்பதா. அது எந்த மாதிரிப் பொம்பளை செய்கிற வேலை. தோசையை எடுத்துவைத்துவிட்டுத் திரும்புகிற பொம்பளை. எங்கே தொடங்கினாலும் அந்தத் தோசையில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது.

வெயில் நகர்ந்து நாற்காலியின் பின்கால்களைத் தொட்டது. கீழே பள்ளிக்கூட வேன் வந்து நின்று பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனது. காபி போடவேண்டும். எழுந்திருக்கும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இன்று காலையிலிருந்து அவர் ஒருமுறைகூட வண்டியைக் கேட்கவில்லை. நேற்று? நேற்றும் கேட்டதாக நினைவில்லை. முந்தாநாள் கேட்டாரா. தினமும் கேட்கிறதைக் காது எண்ணிக்கொண்டா இருக்கும். திதி நாளில் கேட்காமல் இருப்பது செண்பகமே செய்கிற தயவு என்று காலையில் நினைத்திருந்தாள், நினைத்துக் கும்பிட்டும் இருந்தாள். இப்போது அந்த நினைப்பின் அடியில் வேறொன்று குளிர்ந்தது. அவள் முன்னால் போய் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்து மரியாதையாகப் புன்னகை செய்தார். நாட்காட்டியைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"எந்திரிங்க" என்றாள்.

"எங்க போகணும்?"

"எங்கயும் இல்ல. நாற்காலியைத் திருப்பிப்போடணும்."

அவர் உடனே எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலிக்கால்கள் தரையில் தேய்ந்து கீச்சிட்டன. பாதி திரும்பியதும் அவள் நிறுத்தினாள். உடம்பு அது கிழக்கு என்றது, தெற்கு என்றது, ஏதோ ஒன்று சொன்னது. மைமூனின் பாயை நினைத்துக்கொண்டு மீதியைத் திருப்பினாள். அவரை உட்காரவைத்தாள். வெயில் நேராக அவர் முகத்தில் விழுந்தது. பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு, அவரைப் பார்க்க உட்கார்ந்து, இடதுகையை அவர் மடிக்கருகில் வைத்தாள். மணிக்கட்டு மேலே தெரியும்படி. வைத்துவிட்டு, செய்துவிட்டேன், செய்துவிட்டேன் என்று உள்ளே ஒரு குரல் ஓடியது, ஐயோ, இப்போதே திருப்பிவிடலாமா என்றும் ஓடியது.

அவர் கண்ணைச் சுருக்கி ஜன்னலைப் பார்த்தார். கொஞ்ச நேரமாயிற்று. உதடு அசைந்தது.

"நல்ல வெயிலு" என்றார்.

"ஆமா."

"யாரோ வாறதாச் சொன்னாவளே."

"யாரு?"

யோசித்தார். நெற்றி சுருங்கியது. முகத்தில் வருத்தம் இல்லை, கடையில் வாங்கவேண்டிய ஏதோ ஒன்றை மறந்துவிட்டவரின் சங்கடம்தான் இருந்தது. "தெரியலயே. நீ சொல்லு."

அவள் சொன்னாள். "செண்பகம்."

"செண்பகம்" என்று அவர் திருப்பிச் சொன்னார். மெதுவாக, சொல்லிப் பார்க்கிறமாதிரி. பிறகு, "செண்பகம்மா?"

"செண்பகநாதன்."

"நல்ல பேரு" என்றார். "யாரு வச்சா?"

அவன் பிறந்தபோது மாமியார் தன் புருஷன் பெயரைத்தான் வைக்கவேண்டும் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். இவர் அசையவில்லை. குற்றாலத்தில் மேலே ஏறி செண்பகாதேவி அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்து தொட்டிலுக்குள் குனிந்து அந்தப் பெயரை மூன்றுமுறை சொன்னார். தொட்டில் தெற்குவடக்காகக் கட்டியிருந்தது. அவர் கிழக்கே பார்த்து நின்றார்.

"நீங்கதான்" என்றாள்.

"நானா?" அவருக்குச் சிரிப்பு வந்தது. யாரோ தன்னைப் பற்றி மிகையாகப் புகழ்ந்துவிட்டதுபோலக் கூச்சத்தோடு கையை ஆட்டினார். கேட்டு இல்லை. வேன் இல்லை. முன்வாசலும் இல்லை, பின்வாசலும் இல்லை. திருப்பிக் கிழக்கே போட்டால் ரயிலும் இருக்காது என்று அவளுக்குப் போட்டுப் பார்க்காமலே தெரிந்தது. இவ்வளவு நாள் திருப்பாமல் காத்துவைத்தது எதை. எப்போது போயிற்று. மடிக்கருகே வைத்திருந்த கையை அவள் எடுத்துக்கொண்டாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. காபி போடவேண்டும் என்று மறுபடியும் தோன்றியது. எழுந்து அடுக்களைக்குப் போகலாம், பால் இருக்கிறது, அடுப்பைப் பற்றவைக்கலாம், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம்.

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து, அதை நகர்த்தி, அவருடைய நாற்காலிக்கு இணையாகப் போட்டாள். ஜன்னலைப் பார்த்து. உட்கார்ந்தாள். எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த்தொட்டிக்கு மேலே சூரியன் நின்றது, மஞ்சளாக, நேருக்கு நேராக. ஒன்றும் தெரியவில்லை. கண் கூசியது, நீர் கட்டியது. அவள் இமைக்காமல் பார்த்தாள். கேட்டு அங்கேதான் இருந்தது. முதலில் இரண்டு பேர். பிறகு வேன். அவர் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அத்தனை நாளும், தனியாக.

"கண்ணு கூசுதா?" என்று கேட்டார் அவர்.

"ம்."

"நாற்காலியத் திருப்பிப் போட்டுக்கலாம்லா?"

"வேண்டாம். இப்படியே இருக்கட்டும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் செய்துவிடக்கூடிய ஒரு காரியம்போல, வலது கையைத் தூக்கி அவள் முகத்துக்கு முன்னால் வெயிலை மறைத்துப் பிடித்தார். கை நடுங்கியது. விரல்களுக்கு நடுவே வெளிச்சம் வந்து வந்து போனது. அந்த நிழலுக்குள்ளிருந்து மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.